பெரியவருக்கு ஒட்டிய கிருமி

"கையைக் கழுவாம எங்கப்பாவைத் தொட்டது யாரு? நீங்கதானே?"

முதியோர் இல்லத்து வராந்தாவில் எதிர் அறைப் பெரியவரின் மகன் கத்தினான். என் அறைக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டேன்.

இரட்டை டியூட்டி பார்த்துக் களைத்திருந்த நர்ஸ் சுவரில் சாய்ந்தாள். "எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி சார். மத்தவங்களுக்குப் பரவாம இருக்க, அவரைத் தனியா வைக்கணும்."

"பேச்சுத்துணை இல்லாம அப்பா செத்தே போயிடுவாரு!"

"அதே கிருமி உள்ளவங்களோட சேர்ந்து இருக்கலாம். இங்க கடைசி அறை டீச்சரம்மாவுக்கு மட்டும்தான் இருக்கு. பாவம், ஒரு மாசமா ஒத்தையில கிடக்கறாங்க."

"அவங்ககிட்டேருந்து நீங்கதான் கொண்டுவந்து ஒட்டியிருக்கீங்க. உங்க வேலை போச்சுன்னு வச்சுக்கங்க!"

"அந்த நர்ஸ் பொண்ணை விடுடா," என்றார் பெரியவர் அறைக்குள்ளிருந்து. "வாசல்ல நின்னு டீச்சரோட பேசக்கூட விடலை. டீச்சர் குடிச்ச டம்ளர் எச்சில் பாத்திர வண்டியில வரும்போதெல்லாம் மிச்சத்தை நான்தான் குடிச்சேன். ரெண்டு டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. இப்பத்தான்டா கிடைச்சுது!"

கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்க இல்லத்து விதி இடம் கொடுக்காது. அதனால் மறுவாரமே பதிவாளர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து கல்யாணத்தை முடித்துவைத்தார்.

மகன்தான் தலைகாட்ட வெட்கப்பட்டு வெளியூருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டான். அப்பா இன்னும் அதைக் கவனிக்கவில்லை.