மத்தியானக் காய்ச்சல்

"மறுபடியும் ஏறுது! சனியன், மறுபடியும் ஏறுது!"

மாடி அறையில் மருமகன் போட்ட கத்தல் கீழே சமையலறை வரை கேட்டது.

"என்ன மாப்பிள்ளை, காய்ச்சலா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் மாமனார்.

"எனக்கில்ல மாமா. கம்ப்யூட்டருக்கு!"

"அப்ப சரி. சாப்பாடு ரெடி, இறங்கி வாங்க."

"இதோ வர்றேன்."

அந்த 'இதோ' மூன்று மணிக்கு முன்னால் வந்து சேராது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அளந்து காட்டி, எல்லை மீறினால் கூவி எச்சரிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை அவன் எழுதியிருந்தான். அதை நம்பிக் கை நிறையச் சம்பளம் வந்த வேலையையும் விட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஒரு பெரிய கம்பெனி தன் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. புது அப்டேட்டை இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். வாய்தா மேல் வாய்தா வாங்கியாயிற்று, இனிமேல் தரமாட்டார்கள்.

"இதுவும் போச்சுன்னா பழைய ஆபீஸ்லயே போய்க் கால்ல விழுங்க" என்று மனைவி வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

சோதனைக்கென்றே கீழே ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சூடு மாடியில் இவன் திரையில் தெரியும். காலை முழுக்கச் சாதுவாக இருக்கும். மத்தியானம் ஆனால் போதும், விறுவிறுவென்று ஏறும். பதறியடித்துக்கொண்டு கீழே ஓடினால், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இறங்க ஆரம்பித்துவிடும்.

அதற்குக் கூடுதலாக எந்த வேலையும் கொடுக்கவில்லை. உள்ளே காற்றாடி ஒழுங்காகச் சுற்றுகிறது. தூசியெல்லாம் தட்டியாயிற்று. அப்படியென்றால் சூடே ஏறவில்லை, ஏறியதாக சாஃப்ட்வேர்தான் பொய் சொல்கிறது. எழுதியவனையே ஏய்க்கும் சாஃப்ட்வேரை எவன் வாங்குவான்?

போன் அடித்தது. கம்பெனி மேனேஜர்.

"சார், இன்னைக்காவது வருமா? இல்ல நாங்க வேற ஆளைப் பார்த்துக்கட்டுமா?"

"ஒரே ஒரு சின்னத் தப்பு சார். சாயங்காலத்துக்குள்ள..."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. சரி, சாயங்காலம் பேசுறேன்."

இன்னொரு முறை கணக்கைத் திருத்தினான், இன்னொரு முறை அப்டேட் செய்தான். திரையில் சூடு எண்பது டிகிரியைத் தாண்டிக்கொண்டு போனது. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டுத் தடதடவென்று படியிறங்கினான்.

ஹாலில் தட்டு வைத்துத் தயாராக நின்றிருந்தார் மாமனார். மனிதர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வேலைக்குப் போவதால் மத்தியானச் சமையல் அவர் பொறுப்பு.

"சூடு பார்க்க ஒரு சாஃப்ட்வேரா மாப்பிள்ளை? நாங்கல்லாம் இன்ஜின்ல கைய வச்சே சொல்லிடுவோம்."

"இது பஸ் இல்ல மாமா."

"எதுவா இருந்தா என்ன? சூடு சூடுதானே!"

தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அள்ளிப் போட்ட முதல் கவளத்திலேயே நாக்கு சுட்டது. இந்த வீட்டில் சோறு முதற்கொண்டு எல்லாமே தன்னைச் சுடுவதற்கென்றே இருக்கிறது என்று எரிச்சல் வந்தது. ஹால் கம்ப்யூட்டரின் திரையை எட்டிப் பார்த்தான். எண் இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா? நான் மேல இருந்தா ஏறுது, கீழ வந்தா இறங்குது! என்னைப் பைத்தியக்காரனாக்காம விடாது போலிருக்கு."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். நேரே போய்க் கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"இதைப் பழைய சாமான் கடையில போடப் போறேன் மாமா. மேனேஜர்கிட்ட முடியலைன்னு சொல்லிட்டு, நாளைக்கே பழைய ஆபீஸ்ல போய் நிக்கப் போறேன். போதும்!"

சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தான். வேலையை விட்ட நாளிலிருந்து முணுமுணுத்தவர் அவர்தானே. ஆனால் கிழவர் முகம் வாடிவிட்டது. ஓடி வந்து கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆபீஸுக்குப் போறதுன்னா போங்க. இதை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க மாப்பிள்ளை."

"உங்களுக்கு எதுக்கு மாமா இது? ஆன் பண்ணக்கூடத் தெரியாதே உங்களுக்கு!"

"ஆன் பண்ணத் தெரியாதுதான். ஆனா நீங்க கூப்பிட்ட நேரத்துக்கு என்னைக்காவது சாப்பிட வந்திருக்கீங்களா? ஆறின சோத்தை எப்படிப் போடுறது? சர்வீஸ் பூரா டிபன் கேரியரை பஸ் இன்ஜின் மேல வச்சே சுடச்சுடச் சாப்பிட்டவன் நான். இதுக்கும் தலையில ஓட்டை ஓட்டையா இருக்கு, கதகதன்னு காத்து வருது. தினமும் உங்க சாப்பாட்டு டப்பாவை அது மேலதானே வச்சு அடைச்சிடுறேன்" என்றார் மாமனார். "மாடிப்படியில உங்க கால் சத்தம் கேட்டதும் எடுத்துத் தட்டுல போட்டுடுவேன்."