அடுத்த சனிக்கிழமை

“இதுக்கு மேலயும் இறங்கும்னா நினைக்கிறீங்க?” என்றார் கடைக்காரர்.

வாஷிங் மெஷினின் வட்டக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. கதவு ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் சத்தத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான் காது கொடுத்துக் கேட்பான். பிறகுதான் விலைச்சீட்டுக்கு வருவான். அதில் மூன்று விலைகள் அடிக்கப்பட்டு, நான்காவது சிவப்பு மையில் இருந்தது.

“போன வாரம் வாங்கியிருந்தா எனக்கு ரெண்டாயிரம் தண்டம்தானே?”

“நீங்க மட்டுமா சார், ஊரே இப்படித்தான் கணக்குப் போடுது. வர்றாங்க, தடவிப் பார்க்கிறாங்க, அடுத்த வாரம்னு கிளம்பிடறாங்க. இந்தக் கடையில ஆறு பேர் வேலை பார்த்தாங்க. இப்ப கல்லாவும் நான்தான், பெருக்குறதும் நான்தான்.”

“விலை இறங்கினா நாட்டுக்கு நல்லதுதானேங்க? ஏறினாத்தான் கத்தணும்.”

“இறங்கட்டும் சார். வாங்க ஆள் வேணுமே!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. புலம்பாத வியாபாரியை அவன் இதுவரை பார்த்ததில்லை. “அடுத்த சனிக்கிழமை வர்றேன்” என்று கிளம்பிவிட்டான்.

வீட்டில் மனைவி குழாயடியில் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட அவன் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு விரிப்பு வேண்டும். மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றியிருந்தாள்.

“இன்னைக்கும் வெறுங்கையா?”

“ஒரே ஒரு வாரம் பொறுத்துக்க. கண்டிப்பா இறங்கும்.”

“மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க. விலை விழறதுக்குள்ள என் கை விழுந்துடும்.”

அவன் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் ரெண்டாயிரம் குறையுமென்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

அடுத்த சனிக்கிழமை மதியத்துக்கு முன்பே வாசலில் வண்டி வந்து நின்றது. அவனும் வண்டிக்காரரும் அட்டைப்பெட்டியை உள்ளே இறக்கி வைத்தார்கள்.

“அத்தை, மெஷின் வந்தாச்சு!” என்று உள்ளறைக்குக் குரல் கொடுத்தாள் மனைவி. “எவ்வளவுக்கு முடிஞ்சுது?”

“காசே கொடுக்கல.”

“விளையாடாதீங்க. எவனாவது சும்மா கொடுப்பானா?”

“கொடுத்தாங்க.”

“அம்மாடி! நீங்க கில்லாடிதான். நான்தான் அவசரப்பட்டேன்.” கை வலியை மறந்து அட்டையைப் பிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வட்டக் கதவை மூடினான். க்ளிக்.

“இந்தக் கதவு நான் மாட்டினது. வாங்க ஆளில்லாம குடோன்ல கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கு. இந்த மாசச் சம்பளத்துக்குப் பதிலா ஆளுக்கு ஒண்ணைத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டு, எங்க ஃபேக்டரியைப் பூட்டிட்டாங்க.”