கவிழ்க்க வேண்டிய பாத்திரம்

"பந்தே, பாத்திரத்தைக் கவுத்துங்க."

பிக்குவின் ஓதல் நின்றது.

அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளினாள். எதை வேண்டுமானாலும் கேள், பிக்குவிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வழி முழுக்கச் சொல்லிக் கூட்டி வந்தவள்.

மகள் கையை உதறினாள்.

வைகாசிப் பௌர்ணமி. விகாரையில் வெள்ளை உடுத்திய சனம் பாயை நிறைத்திருந்தது. பிக்குவின் மடியில் கருத்த இரும்புப் பாத்திரம். நேர் எதிரே, சோற்றுக் குண்டானோடு எத்திராசு மேஸ்திரி. இன்றைய தானம் அவனுடையது. தலைக்கு மேலிருக்கும் தகரக் கூரையும் அவன் போட்டதுதான்.

சற்று முன்பு ஐந்து சீலங்களையும் எல்லோரையும் விட உரக்கச் சொன்னவனும் அவன்தான்.

நான்காவது சீலம், பொய் சொல்லமாட்டேன் என்பது. அதைச் சொல்கையில் அவன் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டது.

அப்பா கன்னியப்பன், தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கினார். ஏறி வரவில்லை. முகமூடி கேட்டவரைப் பார்த்து, இந்த வேலைக்கு முகமூடியா, கல்யாண மாப்பிள்ளையா நீ என்று சிரித்து இறக்கிவிட்டவன் எத்திராசு. பிறகு போலீசிடம், குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்றான்.

குடித்துவிட்டு.

இதே பாயில், இதே பிக்குவின் முன்னால் கைகூப்பி விட்ட குடி அது. அதன் பிறகு இருமல் மருந்தைக்கூட வாடை அடிக்குதென்று சாக்கடையில் கொட்டியவர். அதைக் கேட்டுப் பந்தே வாய்விட்டுச் சிரித்தது அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்று அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள் அவள். அவர் முகமூடி கேட்டதையும் எத்திராசு சிரித்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவள். நாளை கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியவள்.

ஊரில் பேசி முடித்திருந்தார்கள். எத்திராசு தானம் கொடுப்பான். அதன் புண்ணியம் கன்னியப்பனுக்குச் சேரட்டும் என்று நீர் வார்ப்பான். மகள் மூன்று முறை 'சாது', நன்று என்று சொல்லி ஏற்றுக்கொள்வாள். நாளை கூண்டில் ஏறி, எனக்கு ஒன்றும் தெரியாது என்பாள். நம்மாளுக்குள் நமக்கெதற்குக் கேசு.

பாத்திரத்தைக் கவிழ்ப்பது அவளாகக் கண்டுபிடித்தது இல்லை. இவன் கைச் சோறு வேண்டாம் என்று ஒருவனைச் சங்கம் ஒதுக்கிவைக்கும் முறை. பிக்குகளின் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் இந்த விகாரையின் பீரோவிலேயே இருந்தது. அவள்தான் எடுத்துப் படித்தாள். காலேஜுக்கு அனுப்பினால் இப்படித்தான்.

எத்திராசு பல்லைக் காட்டினான்.

"இன்னா பாப்பா, மூணு வாட்டி சாதுன்னு சொன்னா வாயி தேஞ்சா பூடும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிக்கு பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர். அவள் வீட்டில் கூழ் வாங்கிக் குடித்தவர்.

"அந்த விதி சங்கத்துக்குக் கெடுதல் பண்ணவங்களுக்கும்மா."

"எங்கப்பா சங்கத்துல இல்லியா?"

அவர் கட்டைவிரல் பாத்திரத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.



உச்சி சாய்ந்தால் பிக்கு சாப்பிடக் கூடாது. பந்தேவைப் பட்டினி போட்ட பாவம் உனக்கெதற்கு என்று அம்மா காதோரம் அழுதாள். அந்தப் பாவமும் பார், அவள் தலையில்தான்.

அவளும் முயன்றுதான் பார்த்தாள். எல்லோருக்கும் நலம் வேண்டச் சொல்லும் மைத்திரி தியானத்தில் தினமும் உட்கார்ந்தாள். தனக்கு வேண்டினாள். அம்மாவுக்கு வேண்டினாள். சில்லறைக்காகத் திட்டும் பஸ் கண்டக்டருக்குக்கூட வேண்ட முடிந்தது. கடைசியில், எதிரிக்கு. எத்திராசு முகம் வரும். பல் தானாக நறநறவென்று கடிபடும்.

அவன் நலமாக இருக்க வேண்டாம்.

ஜெயிலில் வரிசையில் நிற்கட்டும். தட்டை நீட்டட்டும். போடுகிறவன் பார்த்துப் போடட்டும்.

எத்திராசு நீர்க் கெண்டியை எடுத்தான். பித்தளைத் தட்டின் நடுவே சின்னக் கிண்ணம். அது நிரம்பி வழிந்தால் இறந்தவருக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். பிறகுதான் சோறு.

பிக்கு மறுபடி ஓதத் தொடங்கினார். குரல் முன்போல இல்லை.

கெண்டி சாய்ந்தது.

அவள் குனிந்து கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

நீர் கிண்ணத்தின் முதுகில் அடித்து அவன் வேட்டியெல்லாம் தெறித்தது. ஐயோவென்று காலை இழுத்துக்கொண்டான்.

குடிக்கிற தண்ணீர். அதற்கே இந்தப் பதற்றம்.

"யம்மா, நீ சாது சொல்றதுன்னா சொல்லிக்க. நாளைக்குக் கூண்டுல நான் சொல்லுவன்."

எழுந்தாள். பாயில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் அவள் செருப்பின் மேல் யாருடைய செருப்போ கிடந்தது. எட்டித் தள்ளினாள்.

உள்ளே 'சாது' கேட்கவில்லை. அம்மாவின் குரலும் இல்லை.

இரும்புப் பாத்திரத்தைச் சிமெண்டுத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

நிமிர்த்தி வைத்தாரா, கவிழ்த்து வைத்தாரா.

எப்படி வைத்திருந்தாலும், கோர்ட் பத்து மணிக்கு.