சாட்சி கேட்டவர்

பதுளை ஆசிரியர் பயிற்சி மண்டபத்தின் முன்வரிசையில் தன் பழைய வாத்தியார் நல்லையா சேரைக் கண்டதும் ஜீவராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மறந்தவளைத் தேயிலை மிலாறுக் குச்சியால் விளாசியவர். இன்றைக்கும் ஏதாவது கேட்டுவிட்டால்?

"அட, ஜீவராணியா! நீயும் டீச்சராகிட்டியா? எல்லாம் என் அடியோட பலன். வா, பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தாள்.

"மூளை விஞ்ஞானம் சொல்லித் தரப்போறாங்களாம். பயந்த புள்ளைக்குப் பாடம் நிக்காதாம். பிரம்பு இல்லாம எவன் படிச்சான்? வர்ற ஆள்கிட்ட ஒரே ஒரு சாட்சி கேக்கப்போறேன், பாரு!"

ஒலிபெருக்கி அழைத்தது. ஜீவராணி எழுந்து மேடையேறினாள். முன்வரிசையைப் பார்த்தாள்.

"சேர், பாடம் நடத்த வந்தவளே நான்தான். வாரக்கணக்காத் தயார் பண்ணினேன். உங்களப் பாத்ததும் முதல் வரியே மறந்துருச்சு. வேற சாட்சி வேணுமா?"