வாங்க, போங்க

தையல்காரர் தன் மனைவியின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டார். ‘படக்’கென்று சத்தம் கேட்டதுமே கண்களை இறுக மூடிக்கொண்டு வசவுக்குத் தயாரானார்.

“பரவாயில்லைங்க. வேணும்னேவா பண்ணீங்க?”

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அவளேதான்!

நாற்பது வருஷமாக வீட்டில் அவருக்குப் பெயர் ‘யோவ்’. ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்துக் காதலித்தவர்கள். மரியாதைக்கு அங்கே ஏது இடம்? விருந்தாளிகள் முன்னாலாவது ஒரு ‘ங்க’ போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். “உன் மூஞ்சிக்கா?” என்பாள்.

அப்படிப்பட்டவள், ஒரு வாரமாக, அவர் டீ போட்டுக் கொடுத்தால்கூட, “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?” என்கிறாள்.

தலைகால் புரியாமல் மகளுக்குப் போன் போட்டார்.

“உங்கம்மா என்னை வாங்க, போங்கன்னு பேசுறாம்மா! அறுபத்தஞ்சு வயசுல பக்குவம் வந்திருச்சு.”

“எங்கம்மாவா? கனவு கினவு கண்டீங்களாப்பா?” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கனவா? இரு, அவ வாயாலயே கேளு.”

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு மனைவியிடம் கேட்டார்.

“ஏண்டி, இத்தனை வருஷமா யோவ், யோவ்னு விரட்டினியே, இப்ப என்ன திடீர்னு இவ்வளவு மரியாதை?”

அவள் சங்கடத்தோடு கையைப் பிசைந்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. யோவ்னு எங்க வீட்டுக்காரரைத்தாங்க கூப்பிடுவேன். முன்னப்பின்ன தெரியாத உங்களை எப்படிங்க அப்படிக் கூப்பிடுறது?”