மூன்றாவது ஓடிபி

“நாலு, ஒம்போது, ரெண்டு…” மேலே தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து பரமசிவன் கத்தினார். பாதிச் சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுத் தெய்வம்மா அதை வாங்கிக் கீழே கத்தினாள். வீட்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சுமலதா ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள்.

“ஒண்ணு, ஏழு, ஆறு!”

திரையில் சிவப்பு எழுத்து. தவறான ஓடிபி. இன்னும் இரண்டு வாய்ப்புகள்.

“அக்கா, மாமா சொல்றத சரியாக் கேட்டுச் சொல்லுங்க!”

“அடிப் போடி! காதுல உழுந்தத அப்படியே சொன்னேன். இங்க மழையில நின்னு பாரு, உனக்குத் தெரியும்.”

மணி நாலு இருபது. ஐந்து மணிக்கு வெப்சைட்டை அடியோடு அழித்துவிடுவோம் என்று ஹோஸ்டிங் கம்பெனி சொல்லியிருந்தது. அவள் கணவன் ரவிக்குமார் நாலு வருஷமாக நடத்திய ஆன்லைன் தேயிலைக் கடை அது. வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, ஆர்டர் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவன் இறந்து ஐந்து வாரம். புதுப்பிக்க வேண்டிய தேதி அந்தத் துக்கத்தில் யாருக்கும் நினைவில்லை.

காலையிலிருந்து சுமலதா கதவு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டாள். கன்ட்ரோல் பேனலின் பாஸ்வேர்டு கணவனின் டைரியில் இருந்தது. உள்ளே போனால், பில்லிங் பக்கத்தில் பணம் கட்டிவிட்டு வரவும் என்று ஒரே ஒரு வரி. பில்லிங் பக்கத்தின் பாஸ்வேர்டு டைரியில் இல்லை. மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதியது வெப்மெயிலுக்குப் போனது. வெப்மெயிலோ வெப்சைட்டோடு சேர்ந்து மூடிக் கிடந்தது.

மிச்சமிருந்தது ரவியின் பட்டன் போனுக்கு வரும் ஓடிபி. கேபிள் இன்டர்நெட் இருந்த வீட்டில் டவர் கிடைக்காது. டவர் கிடைக்கும் தொட்டி மேட்டிலிருந்து இறங்கி வர ஏழு நிமிஷம். ஓடிபியின் ஆயுள் மூன்று நிமிஷம்.

“போனக் குடு, நான் மேல போறேன்” என்றது மாமனார் பரமசிவன்தான். சேரம்பாடி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து நிறுத்து, எடையைக் கூவிச் சொன்னவர். அரைக் கிலோ பிசகியது என்று ஒரு பெண்ணும் அவரிடம் சண்டைக்கு வந்ததில்லை. மகன் போனபின் வாயே திறக்காதிருந்தவர், இன்றைக்குத்தான் அந்தக் குரலை வெளியே எடுத்திருந்தார்.

சுமலதா மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினாள். இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் கேட்டுத் தட்டினாள்.

“எட்டு… அஞ்சு… சைபர்… அஞ்சு… மூணு… ஒம்போது!”

தவறான ஓடிபி. இனி ஒரே ஒரு வாய்ப்பு.

தெய்வம்மா நனைந்தபடி இறங்கி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். “என்னை மொறைக்காத லதா. என் மேல தப்பில்ல. உடேன், போனாப் போகுது.”

“எப்படிக்கா உடறது? பதினெட்டு பார்சல் கட்டி வெச்சிருக்கேன். அட்ரஸ் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. விடிஞ்சதும் ஸ்கூட்டியில கூடலூர் கூரியர் ஆபீசுக்குக் கொண்டு போகணும்.”

“இந்த மழையிலயா? ரவி வண்டி சறுக்குன அதே ரோட்டுலயா?”

“வேற ரோடு ஏதுக்கா? அவரு ஆரம்பிச்சத நான் மூட மாட்டேன்.”

நாலு ஐம்பதுக்கு மழை கொஞ்சம் ஓய்ந்தது. தகரக் கூரையின் இரைச்சல் அடங்கியது. சுமலதா கடைசி ஓடிபிக்கு அழுத்திவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“மாமா! அக்கா நடுவுல வேண்டாம். எனக்கே கேக்குது. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க!”

மெசேஜ் வந்த சத்தம் கேட்கவில்லை. குரல் மட்டும் மூடுபனிக்குள்ளிருந்து தெளிவாக இறங்கி வந்தது.

“மூணு… மூணு… ஏழு… சைபர்… ரெண்டு… எட்டு.”

தட்டினாள். ஒரு தரம் சரிபார்த்தாள். அழுத்தினாள்.

இருபத்துநாலு மணி நேரத்துக்கு இந்தக் கணக்கில் நுழைய முடியாது என்றது திரை.

தெய்வம்மா ஏதோ சொன்னாள். சுமலதா காதில் வாங்காமல் செருப்புகூடப் போடாமல் சரிவில் ஏறி ஓடினாள். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து எழுந்தாள்.

பரமசிவன் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை அவர் கையிலிருந்து வாங்கி மெசேஜ்களைத் திறந்தாள். கடைசியாக வந்தது 337082. அதற்கு முன்னால் 850593. முதலில் வந்தது 492167.

மூன்றிலும் முதல் நாலு எண்கள் அவர் சொன்னவைதான். மூன்றிலும் கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தன.

“மாமா… உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலீங்களா?”

“நல்லாத் தெரியுது.”

“அப்புறம் ஏன் மாமா?”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, சேறு அப்பியிருந்த அவளுடைய முழங்கையைத் துடைத்தார்.

“மழையில ஒரு புள்ளைய அனுப்பிச்சது போதும்.”