கையை விட்டால் நிற்கும் வண்டி

"ஒத்தப் பெட்டிக்கு எதுக்குட்டி வண்டி?"

டாக்ஸியை விட்டு இறங்காமலே கத்தினார் சூசைமாணிக்கம். வாஷி ஹாஸ்டலிலிருந்து நேராக வந்து மும்பை விமான நிலைய வாசலில் காத்திருந்த மகள் சுஜா, பக்கத்தில் சும்மா நின்ற தள்ளுவண்டியைத் தொடக்கூட இல்லை. அந்தக் கோடி வரை போய் வேறொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது புது மாடல்ப்பா. கைப்பிடிய அமுக்குனாத்தான் சக்கரம் ஓடும். விட்டா தானே பிரேக் விழுந்துரும்."

"எவன் சொன்னான்?"

"வண்டியிலயே எழுதிப் போட்டிருக்கான்."

"எழுதுனவன் தள்ளிப் பாத்தானா? தாராவியில முப்பது வருசம் கைவண்டி இழுத்தவன் நான். கைய விட்டா நிக்கிற வண்டி ஒலகத்துல கெடையாது."

சுஜா பெட்டியை ஏற்றி, வண்டியை டாக்ஸிக் கதவை ஒட்டி நிறுத்தினாள். "நம்பிக்கை இல்லன்னா நீங்களே தள்ளிப் பாருங்க."

அவர் இறங்கி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றினார். அமுக்கினார், உருண்டது. விட்டார், நின்றது. உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை.

"சரிவுல?"

"சரிவுலயும் நிக்கும்."

"ஓடிருச்சின்னா?"

"அரே, என்னப்பா! சக்கரத்தக்கூடவா சந்தேகப்படுவீங்க?"

"என்னையவே இன்னும் நம்பல ஒங்கப்பா. சக்கரம் எம்மாத்திரம்?" என்றாள் பின்னாலேயே டாக்ஸியை விட்டு இறங்கிய அம்மா சேசம்மாள்.

சுஜாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை. போன வருடமும் விசா வந்தது. அம்மாவுக்கு டைஃபாய்டு என்று தெரிந்ததும், டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நின்றுவிட்டாள். இந்த முறையும் எதையாவது சாக்காக வைத்து நின்றுவிடுவாளோ என்று சூசைமாணிக்கத்துக்குப் பயம். இன்னொரு தடவை அந்த வேலை காத்திருக்காது.

வண்டியை அவரேதான் தள்ளினார்.

"குடுங்கப்பா, நான் தள்ளுதேன்."

"ஒங்கையில குடுத்தா எங்கனயாவது கொண்டுபோய் முட்டுவ."

"ஆமை மாதிரிப் போறீங்க."

"பெட்டியில கண்ணாடிச் சாமான் இருக்கும்லா?"

"துணியும் ஊறுகாயும்தான் இருக்கு."

"ஊறுகாய் பாட்டில் என்ன, இரும்புலயா செஞ்சிருக்கான்?"

சுஜா சிரித்துக்கொண்டே அவரோடு மெதுவாக நடந்தாள். பயணிகளை மட்டும் விடும் கதவு வந்ததும் பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டாள்.

"வண்டி வேண்டாமா?"

"நீங்களே வச்சிக்கிடுங்க. உள்ள வேற இருக்கும்."

குனிந்து தலையைக் காட்டினாள். சூசைமாணிக்கம் வலது கையை மட்டும் கைப்பிடியிலிருந்து எடுத்து, அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். வண்டி அசையவில்லை.

"போ. திரும்பிப் பாக்கப்புடாது. பாத்தா அழுவ. அப்புறம் ஒங்கம்மாவும் ஆரம்பிச்சிருவா."

சுஜா திரும்பிப் பார்க்கவே இல்லை. கதவோரம் நின்ற சீருடை ஆளிடம் என்னவோ பேசினாள். பாஸ்போர்ட்டைக் காட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

அதுவரை விறைப்பாக நின்றவர் அப்படியே வண்டியின்மேல் சரிந்தார். "கம்ப எடு. சீக்கிரம்."

சேசம்மாள் பையின் அடியிலிருந்து மடக்குக் கம்பை எடுத்தாள். போன மாதம் வாதம் வந்து அவருடைய இடது கால் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடியே சமாளித்தார். இன்றைக்கு எப்படி நடந்து காட்டுவது என்று இரண்டு பேரும் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

"நல்ல வேளை, இந்த வண்டி கெடச்சிது," என்று மூச்சு வாங்கச் சிரித்தார். "நர்ஸுப் பிள்ளையவே ஏமாத்திட்டோம் பாத்தியா?"

அப்போது அந்தச் சீருடை ஆள் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். இந்தியில் சொன்னான்:

"உக்காருங்க சாச்சா. பிரேக் வண்டியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவரு எங்க அப்பா, அவருக்குக் கால் முடியாது, டாக்ஸியில ஏத்தி விட்டுருங்கன்னு உங்க பொண்ணு சொல்லிட்டுப் போச்சு. ஆனா அது உள்ள போனதுக்கு அப்புறம்தான் நாற்காலியைக் கொண்டு போகணும்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."